தீயணைப்பு நிலையத்தை யார் கட்டுவது?

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் நள்ளிரவில் வீடு பற்றி எரிந்தால், உதவிக்கு ஓடி வருபவர் பெரும்பாலும் சம்பளம் வாங்குபவர் அல்லர். பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர், மருத்துவமனைச் செவிலியர், தச்சர், கல்லூரி மாணவர் என்று பல தரப்பினர். தலைமாட்டில் இருக்கும் பேஜர் அலறியதும் எழுந்து, சொந்தக் காரில் நிலையத்துக்கு விரைந்து, அங்கிருந்து தீயணைப்பு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். 101-ஐ அழைத்தால் அரசு ஊழியர் வருவார் என்ற ஏற்பாட்டிலேயே வளர்ந்த தமிழ்நாட்டு வாசகருக்கு, இது ஏதோ ஒதுக்குப்புறத்து விதிவிலக்கு என்று தோன்றக்கூடும். உண்மையில் அங்கே இதுதான் விதி. தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 2020 கணக்குப்படி அந்நாட்டில் 29,000-க்கு மேற்பட்ட தீயணைப்புப் படைகள் இருந்தன. நூற்றுக்கு எண்பத்திரண்டு படைகளில் எல்லோருமோ பெரும்பாலோருமோ தன்னார்வலர்கள். பத்து லட்சத்தைச் சற்றே தாண்டும் தீயணைப்பு வீரர்களில் சுமார் 6,77,000 பேர் ஊதியம் பெறாதவர்கள். மக்கள்தொகையில் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டினர் இவர்களை நம்பித்தான் இரவில் உறங்குகிறார்கள்.

இவர்களுடைய துணிவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இவர்கள் வண்டி நிறுத்தும் கட்டடத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்தக் கட்டடத்துக்கு யார் பணம் தருவது, எந்தப் பணத்தை எதற்குச் செலவிட முடியும், எது முடியாது என்பவைதான் இங்கே ஆராயப்படுகின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உழைப்பைத் தொண்டாகத் தருபவரிடம் கூரையையும் நீயே சம்பாதித்துக்கொள் என்று சொல்வது அநியாயம். அந்த அநியாயம்தான் படைகளில் ஆள் குறைவதற்கு ஒரு பெரிய காரணமும்கூட. கட்டட நிதியும் ஆள்சேர்ப்பும் வேறு வேறு பிரச்சினைகள் என்று ஊர்கள் நினைத்துக்கொண்டிருக்கும்வரை இரண்டும் தீரப்போவதில்லை.

இந்தப் பழக்கம் 1736-இல் வேர்விட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் யூனியன் தீயணைப்புக் குழுவைத் தொடங்கினார். முப்பது உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும், எரியும் வீட்டிலிருந்து பொருள்களை அள்ளிக் கட்ட உதவும் பைகளையும் கூடைகளையும் தம் செலவில் தயாராக வைத்திருக்க வேண்டும். மாதக் கூட்டத்துக்கு வராதவர்கள் கட்டிய சிறு அபராதத் தொகைகள்தாம் பின்னாளில் எந்திரமும் ஏணியும் கொக்கியும் வாங்கப் பயன்பட்டன என்று ஃபிராங்க்ளின் தன்வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார். அமெரிக்கத் தன்னார்வப் படையின் முதல் நிதித்திட்டம் அதுதான்: தொண்டு செய்பவர்களின் பையிலிருந்தே கருவிக்கும் காசு. வாளியும் ஏணியும் போதுமாயிருந்த காலத்துக்கு அது சரியாகவே வேலை செய்தது.

நீராவி எந்திரம் வந்ததும் கணக்கு மாறியது. 1853-இல் சின்சினாட்டி நகரம், குதிரை இழுக்கும் நீராவிப் பம்பை வாங்கி, முழுச் சம்பளப் படையை அமைத்தது. 1865-இல் நியூயார்க் தன் தன்னார்வக் குழுக்களைக் கலைத்துச் சம்பளப் படைக்கு மாறியது. பலர் சேர்ந்து கையால் அடித்த பம்பின் வேலையை நீராவி செய்ததால் ஆள் குறைவாகப் போதும். ஆனால் எந்திரத்துக்கும் குதிரைக்கும் லாயத்துக்கும் பணம் அதிகம் வேண்டும். வரி வசூல் உள்ள நகரங்களால் அதைத் தாங்க முடிந்தது. ஊர்ப்புறத்தால் முடியவில்லை. பழைய ஏற்பாடு அங்கேயே தங்கிவிட்டது, இன்றுவரை. கருவி மட்டும் அப்படியே நிற்கவில்லை.

இப்போது கட்டடத்துக்கு வருவோம். அங்குள்ள தீயணைப்பு நிலையங்களில் பத்தில் நான்குக்கு மேல் நாற்பது ஆண்டுகளைக் கடந்தவை என்று அதே சங்கத்தின் தேவை மதிப்பீட்டு ஆய்வு சில ஆண்டுகளுக்கு முன் கண்டது. பழையதென்றால் ஒழுகும், அவ்வளவுதானே என்று எண்ண வேண்டாம். சிக்கல் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. 1950-களில் கட்டிய நிலையத்தின் கதவுகள் அக்கால வண்டிக்கு ஏற்ப, பத்தடி அகலமும் பத்தடி உயரமுமாக இருக்கும். இன்று புதிதாகக் கட்டுபவர்கள் பதினான்கு அடிக்குப் பதினான்கு அடி வைக்கிறார்கள். பழைய வாசலில் நுழைய வேண்டும் என்பதற்காகவே புது வண்டியின் உயரத்தைக் குறைத்துத் தனியாகச் செய்யச் சொல்லும் படைகள் உண்டு. கதவை மாற்றப் பணம் இல்லாததால் வண்டியை மாற்றுகிறார்கள், அதற்கும் கூடுதல் விலை கொடுத்து.

அடுத்தது தரை. தீயணைப்புக்கான தெருக் குழாய் இல்லாத கிராமப் பகுதியில் தண்ணீரையும் சுமந்துகொண்டு போக வேண்டும். மூவாயிரம் காலன் கொள்ளளவுள்ள தண்ணீர் வண்டியில் தண்ணீர் மட்டுமே பதினோரு டன்னுக்கு மேல். அடியில் நிலவறை வைத்துக் கட்டிய பழைய நிலையங்களின் தளம் இந்தப் பாரத்தை எதிர்பார்த்துப் போட்டதல்ல. நிலவறையில் தூண் முட்டுக்கொடுத்து, அதன்மேல் வண்டியை நிறுத்தும் இடங்கள் இருக்கின்றன. தீயணைப்பு நிலையம் என்பது நிலநடுக்கமோ சூறாவளியோ வந்தாலும் எழுந்து நிற்க வேண்டிய கட்டடம். அமெரிக்கக் கட்டட விதிகள் அதை அவசர சிகிச்சை தரும் மருத்துவமனையோடு ஒரே பிரிவில் வைத்திருக்கின்றன. விதிக்கு முன்பே கட்டி முடித்தவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஊரே இருளில் மூழ்கும் இரவில், மின்னாக்கி இல்லாத நிலையத்தின் கதவைக் கையால் தூக்கித்தான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது புகை. தீயின் புகையைச் சொல்லவில்லை, வண்டியின் புகையைச் சொல்கிறேன். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. 2022-இல் அதே முகமை தீயணைப்புத் தொழிலையே முதல் தொகுதியில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாகத் தெரிந்தவற்றின் பட்டியலில் சேர்த்தது. பழைய நிலையம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே கூடம். வண்டி உள்ளேயே உறுமிக்கொண்டு நிற்கும். சுவரோரம் ஆணியில் பாதுகாப்பு உடைகள் தொங்கும். நேற்றைய தீயின் கரி அவற்றில் அப்படியே இருக்கும். இரண்டடி தள்ளிச் சமையலறைக் கதவு. வண்டியின் புகைக்குழாயில் நேரடியாகப் பொருத்தி நச்சுக்காற்றை வெளியே இழுத்துவிடும் அமைப்பு பாதிக்கும் மேற்பட்ட நிலையங்களில் இல்லை என்றது முன்னே சொன்ன ஆய்வு. இன்று கட்டடக் கலைஞர்கள் நிலையத்தை மூன்று பகுதிகளாகப் பிரிக்கிறார்கள்: அழுக்கு உடையும் வண்டியும் இருக்கும் பகுதி, கழுவிக் குளித்து மாறும் இடைப்பகுதி, உட்காரவும் உறங்கவும் பயிலவும் உரிய சுத்தமான பகுதி. பழைய ஒற்றைக் கூடத்தை இப்படிப் பிரிக்கச் சுவர் எழுப்பினால் மட்டும் போதாது. காற்றோட்டம், வடிகால், உடை துவைக்கும் பெரிய எந்திரம், குளியலறை எல்லாம் வேண்டும்.

குளியலறை என்றதும் இன்னொன்று. ஆண்கள் மட்டுமே உறுப்பினர்களாக இருந்த காலத்தில் கட்டியவற்றில் பெண்களுக்கு உடைமாற்ற இடமில்லை. ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் படை, ஊரில் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தலைவரின் மனப்பான்மை காரணமாக இருக்கலாம். பல இடங்களில் வெறும் கட்டட வரைபடமே காரணம்.

இதையெல்லாம் சீர்செய்யப் பணம் எங்கிருந்து வருகிறது? ஊர் ஊருக்கு வேறு. பல படைகள் அரசுத் துறைகளே அல்ல, லாப நோக்கற்ற சங்கங்கள். ஊராட்சி ஆண்டுதோறும் ஒரு தொகை தரும், அல்லது தராது. மீதியைச் சங்கம் திரட்ட வேண்டும்: ஞாயிறு காலைப் பான்கேக் விருந்து, கோழி பார்பிக்யூ, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு வெள்ளிகளில் மீன் வறுவல், பிங்கோ ஆட்டம், குலுக்கல் சீட்டு, கோடைத் திருவிழா, நாற்சந்தியில் தீயணைப்பு பூட்ஸை நீட்டிச் சில்லறை வாங்குதல். இவற்றுக்கு ஓர் அழகு உண்டு. ஊர் ஒன்றுகூடும் நாள்கள் அவை. நம் ஊர்த் திருவிழாவுக்கு வீட்டு வரி வைத்து வசூலிப்பதைப் போல, கொடுப்பதிலேயே ஓர் உரிமையும் வந்துவிடுகிறது. ஆனால் கோழி சுட்டு விற்று வரும் ஆயிரங்களில் குழாயும் கையுறையும் வாங்கலாம், கட்டடம் எழுப்ப முடியாது. சிறிய நிலையம் ஒன்றைப் புதிதாகக் கட்டவே இன்று பல பத்து லட்சம் டாலர் ஆகும்.

அந்த விருந்துகளுக்கு மறைவான ஒரு விலையும் இருக்கிறது. அடிப்படைத் தீயணைப்புச் சான்றிதழ் பெறவே நூறு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டும். அதன்பின் வாராந்தரப் பயிற்சி, நள்ளிரவு அழைப்பு, வேலை, குடும்பம். இதற்கிடையே சனிக்கிழமை முழுக்க அடுப்படியில் நிற்கச் சொன்னால் இளைஞர் எத்தனை ஆண்டு நிற்பார்? தீயணைக்க வந்தவரைச் சமைக்க வைக்கிறோம், பிறகு ஏன் வருவதில்லை என்று கேட்கிறோம்.

வரியை நம்பும் ஊர்கள் சற்று நிம்மதியாக இருக்கின்றன. நியூயார்க் மாநிலத்தில் தீயணைப்பு மாவட்டம் என்பது தனி வரி உரிமை கொண்ட அமைப்பு. மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆணையர் குழு அதை நடத்துகிறது. சொத்துவரியோடு சேர்த்துத் தன் பங்கை வசூலிக்கிறது. நிலையம் கட்டக் கடன்பத்திரம் வெளியிட வேண்டுமானால் வாக்கெடுப்புக்கு விடுகிறது. பென்சில்வேனியாவில் வேறு வழிகள் உண்டு. வெளி மாநில நிறுவனங்கள் அங்கே விற்கும் தீக்காப்பீட்டுப் பிரீமியத்தில் இரண்டு விழுக்காடு வரி, வீரர்களின் நலச் சங்கங்களுக்குப் போகிறது. அது முக்கியமாக அவர்களுடைய பாதுகாப்பு உடை, பயிற்சி, காப்பீடு ஆகியவற்றுக்கான பணம். சூதாட்ட விடுதிகளின் வருவாயிலிருந்து ஆண்டு மானியம் வருகிறது. 1970-களில் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த கடன் திட்டத்தில், கட்டடத்துக்கும் வண்டிக்கும் இரண்டு விழுக்காடு வட்டியில் கடன் கிடைக்கிறது. வரிவிலக்குக் கடன்பத்திரத்துக்கும் வழி இருக்கிறது: ஊராட்சியோடு எழுத்து ஒப்பந்தம் வைத்திருக்கும் தன்னார்வப் படை, நிலையத்துக்கும் வண்டிக்கும் வரியில்லா வட்டியில் கடன் திரட்ட மத்திய வருமான வரிச் சட்டமே இடம் தருகிறது.

சந்தா முறையும் உண்டு, அதன் கொடுமையை 2010-இல் டென்னசியில் நாடே பார்த்தது. சவுத் ஃபுல்டன் என்ற சிறு நகரத்தின் தீயணைப்புப் படை, நகர எல்லைக்கு வெளியே இருப்போருக்கு ஆண்டுக்கு 75 டாலர் சந்தா வைத்திருந்தது. சந்தா கட்டாத ஒருவருடைய வீடு எரிந்தபோது வீரர்கள் வந்தார்கள், சந்தா கட்டிய பக்கத்து நிலத்துக்குத் தீ பரவாமல் காத்தார்கள், அந்த வீட்டை எரியவிட்டார்கள். கட்டாதவருக்கும் அணைத்தால் யாருமே கட்டமாட்டார்கள் என்பது நகரத்தின் வாதம். கணக்குப் புத்தகத்தில் அந்த வாதம் நிற்கும். எரியும் வீட்டின் முன்னால் நிற்காது. எல்லோருக்கும் பொதுவான ஆபத்துக்கு விருப்பப்பட்டவர் மட்டும் பணம் கட்டும் ஏற்பாட்டைச் செய்தால் முடிவு இப்படித்தான் இருக்கும்.

மத்திய அரசின் பணம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. பேரிடர் மேலாண்மை முகமையான ஃபெமா வழியாக 2001 முதல் தீயணைப்பு வீரர் உதவி மானியம் தரப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு முப்பது கோடி டாலர் அளவில். வண்டி, சுவாசக் கருவி, பாதுகாப்பு உடை, பயிற்சி எல்லாவற்றுக்கும் கேட்கலாம். இருபதாயிரம் பேருக்கு உட்பட்ட ஊராக இருந்தால் படை தன் பங்காக ஐந்து விழுக்காடு போட்டால் போதும். இது நல்ல திட்டம். பழைய சுவாசக் கருவியோடு உள்ளே போய்க்கொண்டிருந்த எத்தனையோ படைகளுக்கு உயிர் காத்த திட்டம். ஆனால் புதுக் கட்டடம் கட்ட இதில் ஒரு காசும் கிடையாது. இருக்கும் கட்டடத்தில் புகை வெளியேற்றி, தீத்தெளிப்பான், மின்னாக்கி போன்றவற்றைப் பொருத்த மட்டும், நிலையத்துக்கு ஒரு லட்சம் டாலர் வரம்புக்குள் கேட்கலாம். தரை வெடித்த நிலையத்துக்குப் புது வண்டி வாங்க அரசு பணம் தரும், தரையைப் புதிதாகப் போட்டுக் கட்டடம் எழுப்பத் தராது.

ஒரே ஒரு முறை தந்தது. 2009-இல் பொருளாதார மீட்புச் சட்டத்தின்கீழ் நிலையங்கள் கட்ட 21 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அவை கேட்ட மொத்தத் தொகை ஏறத்தாழ 990 கோடி டாலர். நூறு கேட்டவர்களுக்கு இரண்டு கிடைத்த கணக்கு. தேவை எவ்வளவு என்று அறிய வேறு ஆய்வே வேண்டியதில்லை. அதன்பின் நிலையக் கட்டுமானத்துக்குத் தனி நிதி கோரும் மசோதாக்கள் நாடாளுமன்றமான காங்கிரஸில் மறுபடி மறுபடி வைக்கப்பட்டும் நிரந்தரத் திட்டம் எதுவும் உருவாகவில்லை. கட்டடம் உள்ளூர் விஷயம், உள்ளூர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். எனக்கு அது ஏற்புடையதாகப் படவில்லை. காட்டுத்தீயும் வெள்ளமும் வரும்போது பக்கத்துக் கவுண்டிக்கும் பக்கத்து மாநிலத்துக்கும் அனுப்பப்படுபவர்களில் இந்த உள்ளூர் வீரர்களும் இருக்கிறார்கள். ஆபத்து வந்தால் நாட்டின் படை, ஓட்டை விழுந்தால் ஊரின் கட்டடம் என்பது எந்த நியாயம்?

கட்டடத்துக்கு உண்மையில் கைகொடுப்பது வேளாண் துறை. அதன் ஊரக வளர்ச்சிப் பிரிவு, இருபதாயிரம் பேருக்கு மிகாத ஊர்களின் சமூகக் கட்டடங்களுக்கு நாற்பது ஆண்டுவரை தவணை வைத்துக் கடன் தருகிறது. ஐயாயிரம் பேருக்கு உட்பட்ட மிக ஏழை ஊர் என்றால் செலவில் முக்கால் பங்குவரை மானியமாகவும் கிடைக்கலாம். ஆனால் மானிய நிதி சிறியது, பெரும்பாலோருக்குக் கடன்தான். மத்திய வனத் துறை, மாநில வனத்துறைகள் வழியாகப் பாதிக்குப் பாதிச் சிறு மானியங்கள் தருகிறது. இராணுவம் கழித்த லாரிகளையும் இரவலாகத் தருகிறது. அவற்றைப் படைகள் தண்ணீர் வண்டியாகவும் புதர்த்தீ வண்டியாகவும் மாற்றிக்கொள்கின்றன. மாற்றும் வேலையும் அவர்களுடையதே.

எந்த மானியமாக இருந்தாலும் விண்ணப்பம் எழுத வேண்டும். ஊரின் வருமானக் கணக்கு, அழைப்புப் பதிவுகள், செலவு-பயன் விளக்கம், கூட்டாட்சிப் பதிவு எண், கிடைத்தபின் முன்னேற்ற அறிக்கைகள். பெரிய படைக்கு இதற்கென்றே ஆள் உண்டு. முப்பது பேர் கொண்ட கிராமப் படையில், பகலெல்லாம் டிராக்டர் ஓட்டிவிட்டு வந்தவர் இரவில் உட்கார்ந்து எழுதுகிறார். மிகவும் தேவைப்படும் படையே மிகக் குறைவாக விண்ணப்பிக்கிறது. கவுண்டி அளவில் ஒரு விண்ணப்ப எழுத்தரைச் சம்பளத்துக்கு அமர்த்திப் பல படைகளுக்கும் பொதுவாக வைத்தால், அவர் கொண்டுவரும் பணம் அவர் சம்பளத்தைப் பல மடங்கு தாண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வண்டி விலை தனிப் பெருங்கதை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐந்து லட்சம் டாலர் அளவில் கிடைத்த, நீர் இறைத்துப் பாய்ச்சும் பம்பர் வண்டி இப்போது பத்து லட்சத்தைத் தொடுகிறது. ஏணி வண்டி இருபது லட்சம். கொடுத்த ஆர்டர் கைக்கு வர இரண்டு முதல் நான்கு ஆண்டு. சிறு தயாரிப்பாளர்களை ஒருசில பெரிய நிறுவனங்கள் வாங்கி விழுங்கியதே காரணம் என்று வீரர்களின் தொழிற்சங்கம் குற்றம் சாட்டுகிறது. உதிரிப்பாகத் தட்டுப்பாடும் தேவை கூடியதும்தான் காரணம் என்கின்றன நிறுவனங்கள். 2025-இல் செனட் துணைக்குழு ஒன்று இதை விசாரித்தது. கட்டடத்தைப் பொறுத்தவரை இதன் விளைவு நேரடியானது: கட்டட நிதி என்று ஒதுக்கிச் சேர்த்த பணத்தை வண்டி விழுங்கிவிடுகிறது.

பணம் தர மறுக்கும் வரிகட்டுபவரிடம் பேச ஒரு கருவி இருக்கிறது; பல தலைவர்கள் அதைச் சரியாகக் கையாள்வதில்லை. ஐ.எஸ்.ஓ. என்ற அமைப்பு ஒவ்வொரு பகுதியின் தீப்பாதுகாப்பையும் 1 முதல் 10 வரை தரப்படுத்துகிறது. 1 மிகச் சிறந்தது, 10 பாதுகாப்பே இல்லாதது. மதிப்பெண்ணில் பாதி தீயணைப்புப் படைக்கு, நாற்பது விழுக்காடு தண்ணீர் வசதிக்கு, பத்து விழுக்காடு அவசரத் தகவல் தொடர்புக்கு. பல காப்பீட்டு நிறுவனங்கள் வீட்டுக் காப்பீட்டுப் பிரீமியத்தை இந்தத் தரத்தைப் பார்த்தே நிர்ணயிக்கின்றன. நிலையத்திலிருந்து சாலை வழியே ஐந்து மைலுக்கு அப்பால் இருக்கும் வீடு பத்தாம் தரத்தில் விழும். ஆகவே ஒரு நிலையம் மூடப்பட்டால் அப்பகுதி வீடுகளின் காப்பீட்டுச் செலவு ஏறும். அந்த ஏற்றம், நிலையத்தைக் காக்கக் கேட்ட வரியைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். இந்தக் கணக்கைத் தம் ஊரின் எண்களை வைத்துப் போட்டு, வாக்கெடுப்புக்கு முன் வீட்டுக்கு வீடு காட்டுவது, வீரத்தைப் பற்றிய சுவரொட்டியைவிட வலிமையானது.

ஏனெனில் வீரம் குறைந்துவருகிறது என்று சொல்ல முடியாது, வீரர்கள் குறைந்துவருகிறார்கள். 1984-இல் நாடு முழுவதும் சுமார் 8,98,000 தன்னார்வலர்கள் இருந்தார்கள். 2020-க்குள் இரண்டு லட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டார்கள். அதே காலத்தில் மக்கள்தொகை கூடியது, அழைப்புகள் மூன்று மடங்காயின. பெரும்பகுதி மருத்துவ அவசரங்கள். பென்சில்வேனியாவில் 1970-களில் மூன்று லட்சம் பேர் இருந்த இடத்தில் முப்பத்தெட்டாயிரம் பேர்தான் எஞ்சியிருக்கிறார்கள் என்று 2018-இல் அம்மாநிலச் சட்டமன்ற ஆணையம் அறிக்கை தந்தது. ஊரில் வேலை இல்லாமல் தொலைதூரம் போய் வருவது, இரண்டு பேரும் சம்பாதிக்க வேண்டிய குடும்பநிலை, கூடிப்போன பயிற்சி நேரம் என்று காரணங்கள் பல. பயிற்சியைக் குறைக்கவும் முடியாது. 2013 ஏப்ரல் 17 அன்று டெக்சாசின் வெஸ்ட் என்ற சிற்றூரில் உரக் கிடங்கு ஒன்று தீப்பிடித்து வெடித்தபோது இறந்த பதினைந்து பேரில் பெரும்பாலோர் அணைக்கப் போனவர்கள், அவர்களிலும் பலர் தன்னார்வலர்கள். உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் என்ன செய்யும் என்ற பயிற்சி அவர்களுக்குப் போதவில்லை. பயிற்சிக்கு அறை வேண்டும், அறைக்குக் கட்டடம் வேண்டும்.

பிற நாடுகள் எப்படிச் செய்கின்றன? ஜெர்மனியில் சுமார் பத்து லட்சம் தன்னார்வத் தீயணைப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் நிலையமும் வண்டியும் ஊராட்சியின் சட்டக் கடமை. தீக்காப்பீட்டின்மேல் விதிக்கும் தீப்பாதுகாப்பு வரி மாநிலங்களுக்குப் போய், அங்கிருந்து ஊர்களுக்கு மானியமாக வருகிறது. அழைப்புக்காக வேலையை விட்டு ஓடியவரின் கூலியை முதலாளிக்கு ஊராட்சி ஈடுசெய்கிறது. ஆள் போதாவிட்டால் ஊர்க்காரரைக் கட்டாயமாகச் சேர்க்கவும் சட்டம் உண்டு. அது அரிதாகவே நடக்கிறது. இளையோர் தீயணைப்புப் படைகளில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியர் இருக்கிறார்கள். ஆளைத் தேடும் வேலையை அங்கே பத்து வயதிலேயே தொடங்கிவிடுகிறார்கள்.

சிலி இதற்கு எதிர்முனை. 1851-இல் வால்பரைசோவில் தொடங்கி, இன்றும் நாடு முழுவதும் தீயணைப்பாளர்கள் ஊதியமற்றவர்களே. பல குழுக்களில் உறுப்பினர்கள் சந்தாவும் கட்டுகிறார்கள். பெரிய நகரமான சான்டியாகோவிலும் இதே நிலைதான். அங்கே 1863 டிசம்பரில் தேவாலயத் தீயில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட சில நாள்களில் குழு பிறந்தது. அரசு பட்ஜெட்டில் ஒரு பங்கு தருகிறது, மீதி திரட்டல். இந்த முறை அங்கே இத்தனை காலம் நிற்பதற்குக் காரணம் தீயணைப்பாளருக்குச் சமூகம் தரும் மதிப்பு. அந்த மதிப்பை வேறு நாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது.

ஆஸ்திரேலியாவின் கதையில் நேரடியான பாடங்கள் இருக்கின்றன. 2009 பிப்ரவரி 7-இல் விக்டோரியா மாநிலக் காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். அதுவரை தீயணைப்புச் செலவின் பெரும்பகுதி, காப்பீடு எடுத்தவர்கள் கட்டிய கூடுதல் தொகையிலிருந்து வந்தது. காப்பீடு எடுக்காதவர் இலவசமாகப் பயனடைந்தார். விசாரணை ஆணையம் அதை மாற்றச் சொன்னது. 2013 முதல் எல்லாச் சொத்துக்கும் பொதுவான தீயணைப்பு வரி வந்தது. 2025-இல் அதை விரிவாக்கி உயர்த்தியபோது விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அவர்களில் பலர் தாங்களே தன்னார்வத் தீயணைப்பாளர்கள். உழைப்பையும் தருகிறோம், வரியையும் நாங்களே அதிகம் கட்ட வேண்டுமா என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் சில மாநிலங்கள் தன்னார்வலருக்குச் சொத்துவரியிலும் வருமான வரியிலும் சிறு கழிவு தருவது இந்தக் கேள்விக்கு ஒரு பதில். வரியைப் பரவலாக்கும் எந்த ஊரும் இந்தக் கழிவையும் சேர்த்தே சட்டமாக்க வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸில் நடந்ததோ நன்கொடையின் எல்லையைக் காட்டியது. 2020 ஜனவரியில், காட்டுத்தீ உச்சத்தில் இருந்தபோது, நகைச்சுவை நடிகை செலஸ்ட் பார்பர் அம்மாநில ஊரகத் தீயணைப்புச் சேவையின் அறக்கட்டளைக்காக முகநூலில் நிதி திரட்டினார். உலகெங்கிலுமிருந்து 5.1 கோடி ஆஸ்திரேலிய டாலர் குவிந்தது. கொடுத்தவர்களில் பலர் வீடிழந்தோருக்கும் காயம்பட்ட விலங்குகளுக்கும் அது போகும் என்று நம்பினார்கள். அறக்கட்டளைப் பத்திரமோ கருவிகள், பயிற்சி, படைகளின் செலவு என்று மட்டுமே சொன்னது. விவகாரம் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வேறு தொண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துத் தர முடியாது என்று 2020 மே மாதம் தீர்ப்பு வந்தது. இறந்த வீரர்களின் குடும்பங்களுக்கும் மனநல உதவிக்கும் பயன்படுத்தலாம் என்று மட்டும் நீதிமன்றம் அனுமதித்தது. தீ எரியும் வாரத்தில் கோடிகள் வருகின்றன. தீ இல்லாத ஆண்டில், கூரை ஒழுகும்போது, யாரும் பார்ப்பதில்லை. நன்கொடையின் இயல்பு அது; கட்டடத்தின் தேவைக்கும் அந்த இயல்புக்கும் பொருத்தமே கிடையாது.

கையில் சிறு தொகை மட்டும் உள்ள படை எதை முதலில் செய்ய வேண்டும் என்று கேட்டால், என் வரிசை இது: முதலில் புகை வெளியேற்றி, அடுத்து, பாதுகாப்பு உடைகளைக் கூடத்திலிருந்து பிரித்துத் தனி அறையில் வைத்தல், துவைக்கும் எந்திரம், பிறகு பெண்களுக்கும் ஆண்களுக்கும் குளியலறை, மின்னாக்கி, அதன்பின்பே கதவும் தரையும். புகை வெளியேற்றிக்கு மானியம் கேட்கலாம், வீரர்களின் உயிரை நேரடியாகக் காப்பவையும் முதல் இரண்டே. பளபளக்கும் புது முகப்புக்கு ஊர் எளிதில் கைதட்டும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

பெரிய கேள்வி எஞ்சி நிற்கிறது: இத்தனை நிலையங்கள் வேண்டுமா? பென்சில்வேனியாவில் மூன்று மைலுக்குள் மூன்று படைகள், மூன்று பம்பர், மூன்று கூரை, ஒவ்வொன்றிலும் பகலில் வரக்கூடியவர் நாலு பேர் என்ற நிலை பல ஊர்களில் உண்டு. அங்கே இணைப்பு தவிர்க்க முடியாதது. இரண்டு கட்டடங்களை விற்று ஒன்றை ஒழுங்காகக் கட்டலாம். மூன்று பழைய வண்டிக்குப் பதில் ஒரு புதியதும் ஒரு நடுத்தரமும் வைத்துக்கொள்ளலாம். எதிர்ப்பு வருவது கணக்கிலிருந்து அல்ல. தாத்தா கையால் செங்கல் எடுத்து வைத்த கட்டடம், திருமண விருந்து நடந்த கூடம், இறந்த வீரர்களின் பெயர்ப்பலகை. அந்தப் பிணைப்பை அற்பமாக நினைப்பவர்கள் எழுதும் இணைப்புத் திட்டங்கள் கூட்டத்திலேயே கிழிபடுகின்றன, கிழிபட வேண்டியவைதான். பெயர்களையும் பலகைகளையும் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு பழைய படையிலிருந்தும் நிர்வாகக் குழுவில் இடம் கொடுத்து, நிலத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே எல்லாத் திசையிலும் சாலை வழியே ஐந்து மைல் எல்லையை வரைந்து பார்த்துத்தான் தொடங்க வேண்டும். எல்லைக்கு வெளியே விழும் வீடுகள் இருந்தால் அங்கே ஒரு வண்டியும் இரண்டு கதவும் மட்டும் உள்ள சிறு துணை நிலையத்தை விட்டுவைக்கலாம்; சமையலறையும் கூடமும் அதற்குத் தேவையில்லை, புகை வெளியேற்றி தேவை.